போல்ட்டின் நுனியில் ஒரு சொட்டு

பாலிகஞ்ச் சந்தில் காலை வெயில் என் பழைய அம்பாசடரின் அடிவயிறு வரை எட்டுகிறது. போன ஞாயிறு நானே கியர் ஆயில் மாற்றினேன். அன்றிலிருந்து வண்டி ஷெனாய் வாசிக்கிறது. நேற்று கரியாஹாட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என் பின்னால் வந்தது. மாடியில் என் மகள் ஷோபனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் இட்லி சாப்பிடுகிறார்கள். அவர்களை சாந்த்ராகாச்சியில் ரயிலேற்ற இந்த வண்டிதான். அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் ரபீக் கியர் பெட்டியின் போல்ட்டைத் தளர்த்துகிறார். பொன்னிறத்தில் ஒரு சொட்டு அவர் விரலில் விழுகிறது. முகர்கிறார். மறுபடியும் முகர்கிறார். "அய்யா, இது நல்லெண்ணெய்!" ஸ்பானர் கல்லில் விழுந்து கணீரென்கிறது. மாடிப்படிக்கடியில் நான் வைத்த, ஒரே மாதிரியான இரண்டு தகர டப்பாக்கள் கண்முன் வருகின்றன. ஒன்று வண்டிக்குள் போயிற்று. இன்னொன்றை இன்று காலைதான் என் மனைவி அன்னம் சமையலறைக்கு எடுத்துப் போனாள். "அப்ப கியர் ஆயில் எங்க அய்யா?" நான் மாடியை அண்ணாந்து பார்க்கிறேன். பால்கனியில் அன்னத்தின் முகம் பூரித்து எட்டிப் பார்க்கிறது. "ஏங்க, மேல வாங்க! பொண்ணப் புடிச்சிருச்சாம். சம்பந்தியம்மா பொடிக்கு இன்னொரு கரண்டி எண்ணெய் கேக்கறாங்க!"