சனிக்கிழமை நிலா

பட்டப்பகல் நாலு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்திவைத்துக்கொண்டு நிலாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. அந்த நிழலுக்குள்தான் முக்காலியை ஊன்றியிருந்தான். தப்பித் தவறிக்கூட வெயில் குழாய்க்குள் இறங்கிவிடக் கூடாது. இறங்கினால், பார்க்கிற கண் போய்விடும்.

"தெரியுதாப்பா?" என்றாள் மகள். ஏழு வயது. ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"இரு கண்ணு, இதோ."

வெறும் கண்ணுக்கு நிலா நன்றாகவே தெரிந்தது. கிழக்கு வானில் பாதி உயரத்தில், துவைத்துத் துவைத்து வெளிறிப்போன துணி மாதிரி அரை நிலா. குழாய்க்குள்தான் சிக்க மாட்டேன் என்றது. நீலம், நீலம், வெறும் நீலம்.

இருபது வருடமாக லிஃப்ட் மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு கேபிளின் இழுவையைச் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் தொலைநோக்கி வாங்கிய அன்று, முன்பக்க மூடியைக் கழற்றாமலே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய குழாயும் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டிக் குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும் என்பது புரியவே ஒரு மாதம் பிடித்தது. தூரத்து செல்போன் கோபுரத்தின் உச்சியைக் குறிவைத்து, தினமும் வேலை முடிந்து வந்து, திருகு திருகாகச் சரிசெய்து பழகினான்.

கடைக்காரரிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி.

"பகல்ல இதுல என்ன தெரியும்?"

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நிலா தெரியும் சார். அதுவும் மாசத்துல சில நாள்தான். ஆனா பகல்ல எதுக்கு?"

அவன் பணத்தை எண்ணிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு, தோதான சனிக்கிழமைகளைத் தேடினான். தேறியவை கொஞ்சம்தான். போன மாதம் ஒன்று வந்தது. அன்றைக்கென்று பார்த்து வானம் மேகத்தைப் போர்த்திக்கொண்டது.

இப்போது நீலத்தின் ஓரத்தில் ஏதோ வெளுத்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு குமிழைத் திருகினான். வெளுப்பு திரண்டது. கரை தெரிந்தது. கரையோரம் குழிகள், குழிகளுக்குள் நிழல். வாய்விட்டுக் கத்தியிருப்பான், முக்காலி ஆடிவிடுமே என்று அடக்கிக்கொண்டான்.

"வா. எதையும் தொடாம, கண்ணை மட்டும் வை."

மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். ஒரு கண்ணோடு வாயும் மூடிக்கொண்டது. இவள் வாயை மூடி அவன் பார்த்ததே கிடையாது.

"அப்பா... ஓட்டை ஓட்டையா இருக்கு."

"கல்லு வந்து விழுந்த இடம்."

"யாரு போட்டா?" என்றவள் உடனே கத்தினாள். "ஐயோ, ஓடுதுப்பா! ஓடிப்போகுது!"

"அது ஓடல. நாமதான் சுத்துறோம்."

அவன் நிலாவைத் திரும்ப இழுத்துக் கொண்டுவந்தான். அது நழுவ நழுவ, இழுத்துவருவதே விளையாட்டானது. ஐந்தாறு முறைக்குள் மகளே குமிழைத் திருகக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவன் பக்கத்தில் சும்மா நின்று, அவளுடைய உச்சி வகிடு கோணலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிழல் கைப்பிடிச் சுவரைத் தொட்டபோது அவள் நிமிர்ந்தாள். "வளையம் போட்டிருக்குமே, சனி, அதைக் காட்டுங்க."

"அது இருட்டினாத்தான் தெரியும் கண்ணு."

"இன்னைக்குச் சனிக்கிழமைதானே!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"எப்ப இருட்டும்?"

"ஆறே முக்காலுக்கு."

"அப்ப இருந்து பாத்துடலாம்."

அவன் குனிந்து, ஏற்கனவே இறுகியிருந்த திருகு ஒன்றை இன்னும் இறுக்கினான்.

கீழே ஸ்கூட்டர் ஹாரன் இரண்டு முறை அடித்தது.

மகள் ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் எக்கிப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கேட் ஓரம் அவள் அம்மா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, அண்ணாந்து இவர்களைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. கையிலிருந்த குட்டி ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். படிக்கட்டுக் கதவருகே போய்த் திரும்பி நின்றாள்.

"நான் போனப்புறம் நீங்க மட்டும் பாப்பீங்களா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் இறங்கும் சத்தம் மாடி மாடியாகத் தேய்ந்தது. ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனையில் திரும்பும் வரை அவன் சுவரைவிட்டு நகரவில்லை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மாலை நான்கு முதல் ஆறு வரை. தீர்ப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரே ஒரு நாள் மட்டும் முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமா என்று வக்கீலிடம் கேட்டுப் பார்த்தான். காரணம் கேட்டார். சொன்னான். "சனியை எல்லாம் மனுவுல எழுத முடியாது சார்" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே. மகளுக்கு ஒன்பது வயது நிறைந்த பிறகு மாதம் ஓர் இரவு தகப்பனோடு தங்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைச் சுட்டிக் காட்டினார்.

வெளிச்சம் வடிந்தது. அரை நிலா இப்போதுதான் பளிச்சென்று ஆனது. அதற்குக் கீழே, கிழக்கில், சிமிட்டாமல் மஞ்சளாக ஒரு புள்ளி எழுந்திருக்கும். எந்த இடம், எத்தனை மணி என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

கிழக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினான்.