மறுமுனைக் குரல்

“டீ போட்டுட்டு வந்துடறேன், தம்பி” என்று பக்கத்து சீட் அக்கா சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே அடியற்ற மரம் போலச் சாய்ந்தாள்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். காலை ஷிப்டில் அந்த ஆபீசில் அவர்கள் இரண்டே பேர்.

“அக்கா! அக்கா!”

கன்னத்தில் தட்டினான். அசைவில்லை. அரும்பாடுபட்டுத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். தலை துவண்டு தொங்கியது. முகம் இன்னும் வெளுத்தது. வாயில் தண்ணீரை ஊற்றினான். அது அப்படியே வெளியே வழிந்தது.

‘ஐயோ, போயிட்டாங்களா?’

செல்போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினான்.

மணி அடித்தது. அவன் மேஜை மேலேயே அடித்தது.

பன்னிரண்டு வருஷப் பழக்கம். கை தானாக ரிசீவரை எடுத்தது, வாய் தானாகப் பேசியது.

“ஆம்புலன்ஸ் உதவி மையம். பதறாதீங்க. மூச்சு இருக்கா பாருங்க. இருந்தா, மொதல்ல தரையில படுக்க வைங்க. உட்கார வைக்காதீங்க, தலைக்கு ரத்தம் போகாது. காலைத் தூக்கி வைங்க. வாயில தண்ணி ஊத்தவே கூடாது.”

இன்னொரு காதிலிருந்த செல்போனிலும் அதே குரல் கேட்டது.

“சரிங்க சார்” என்றான். இரண்டு போனையும் கீழே வைத்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே செய்தான்.

அரை நிமிஷத்தில் அக்கா கண் திறந்தாள்.

“காலையில ஒண்ணும் சாப்பிடல தம்பி… அதான் போல.” துண்டிக்காமல் கிடந்த போன்களைப் பார்த்தாள். “லைன்ல யாரு?”

“ரெண்டு பக்கமும் நான்தான்க்கா.”