ஆறு அங்குலம்

கடலோரக் கோல்ஃப் மைதானத்தில் மூன்று நாள் மழை தேங்கிக் கிடக்கிறது. ஜனவரி வெயில் தண்ணீரின்மேல் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. சேற்றில் புதைந்த பந்தை லாக்லன் எடுக்கிறான். துண்டால் துடைத்து, நல்ல புல்லாகப் பார்த்து வைக்கிறான். தம்பி இன்னஸ் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அம்மாவை அடக்கம் செய்தபின் இருவரும் ஆடும் முதல் ஆட்டம் இது.

“ஆறு அங்குலம்தான் நகர்த்தலாம். நீ ஒரு முழம் தள்ளி வெச்சிருக்க.”

“குளிர்காலச் சட்டம்தானேடா? சேத்துல விழுந்த பந்தைத் தூக்கலாம், துடைக்கலாம், வைக்கலாம்.”

“நல்லாத்தான் தூக்குற, துடைக்கிற. அம்மா ஒன்றரை வருஷம் படுக்கையில கிடந்தப்ப இந்தக் கை எங்கண்ணே போச்சு?”

லாக்லன் துண்டைப் பையில் செருகிவிட்டு அடிக்கிறான். பந்து பறந்து, குழியில் நட்ட கொடிக்கம்பத்தின் அடியிலேயே போய் விழுகிறது.

“நல்ல அடி” என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறான் இன்னஸ். சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பந்தைத் தேடிச் சேற்றில் நடக்கிறான்.