அந்த இடத்து மண்

"குப்பைக் கொட்டகை தூக்கி வச்ச பெட்டி மாதிரித் தெரியுது, தம்பி. இண்டைக்குச் சனம் ஓமெண்டாத்தான் குப்பை ரயிலை இங்க விடலாம்," என்றார் மனேஜர் இஸ்ஸதீன்.

ஊராருக்குக் காட்ட மாதிரி ரயில்பாதையைச் செய்த றுமைஸ், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த குட்டிக் கொட்டகையின் அடியைச் சுற்றி ஈரமண்ணை அப்பினான். கொட்டகை நிலத்தோடு ஒன்றிப்போனது. கண்ணாடி மூடியைப் போட்டான்.

மாலையில் ஊரார் கூடினார்கள்.

"நாத்தம் மருந்துக்கும் வராது, ராத்தா. கிட்ட வந்து பாருங்க," என்றபடி மனேஜர் மூடியைத் தூக்கினார்.

முன்னால் நின்ற நிஸ்மியா குனிந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

"சீ! குடலைப் புரட்டுது!"

மனேஜரும் மூக்கைப் பிடித்தபடி றுமைஸிடம் திரும்பினார். "என்ன மண்ணுடா இது?"

"நிறம் பொருந்தணுமெண்டு, கொட்டகை கட்டப்போற காட்டிலயே அள்ளினேன், சேர். நீங்கதான் போன மாசமே குப்பையை லொறியில கொண்டுவந்து அங்க கொட்டத் தொடங்கிட்டீங்களே!"