உள்ளே விட்ட துணி

ஊரார் உடம்பையெல்லாம் அளந்த தையற்காரிக்கு ஐந்தாம் மாதத்தில் தன் உடம்பே புதிதாக இருந்தது. ஞாயிறுதோறும் டேப்பை எடுத்து வயிற்றை அளப்பாள். பிறகு தன் உடைகளின் பக்கத் தையலை அரை அங்குலம் பிரித்துவிடுவாள். எதைத் தைத்தாலும், பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள உள்ளே துணி விட்டுத் தைப்பது அவள் வழக்கம். பிறக்கப்போகும் குழந்தையின் மஞ்சள் சட்டையிலும் மூன்று அங்குலம் விட்டு, தொட்டில் கம்பியில் மாட்டியிருந்தாள்.

தொட்டில் இருந்த அறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கணவன் கேட்டான்.

"இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள இந்தச் சட்டையை எதுக்குப் பிரிச்ச?"

"நான் தொடவே இல்லையே."

"அப்ப நானா? எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது."

அடுத்த ஞாயிறும் சட்டையில் அரை அங்குலம் பிரிந்திருந்தது. பிரித்த நூல், அவள் சுற்றிவைப்பது போலவே, சின்ன உருண்டையாகத் தொட்டிலில் கிடந்தது.

ஸ்கேனில் குழந்தை நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். வாரந்தோறும் பிரிந்து, ஆறாவது வாரம் சட்டையின் உள்ளே விட்ட துணி தீர்ந்துபோனது. அவள் கொஞ்சம் பெரிதாக ஒரு நீலச் சட்டை தைத்து, நான்கு அங்குலம் உள்ளே விட்டு, அதே கம்பியில் மாட்டினாள்.

மறுநாள் காலையில் நீலச் சட்டையைக் காணவில்லை. மஞ்சள் சட்டை அழுக்குக்கூடையில் கிடந்தது. கழுத்துப் பட்டையில் வியர்வை இன்னும் காயவில்லை.