பதினேழாவது வாரம்

"பதினேழு வாரம்மா! வயித்துப் புள்ளகூட இதுக்குள்ள பாதி வளர்ந்திருக்கும்!"

க்ளெண்டா கைப்பையை மேசையில் போட்ட வேகத்தில் வக்கீல் ருக்சானாவின் தேநீர் தளும்பிக் கோப்பின் மேல் கொட்டியது.

துடைக்கட்டும் என்று நின்றாள். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

ஹாலிஃபாக்ஸ் வீட்டை விற்றுவிட்டு, பிரிட்லிங்டனில் கடல் தெரிகிற சின்ன வீடு ஒன்றுக்குப் போவது அவளுடைய நாற்பது வருஷ ஆசை. இந்த வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. அந்த வீடும் அமைந்தாயிற்று. பத்திர வேலைதான் பாக்கி.

வீட்டுத் தரகன் தனக்குத் தெரிந்த வக்கீலைத் தலையில் கட்டப் பார்த்தான். அதில் அவனுக்குக் கமிஷன் உண்டு என்று க்ளெண்டாவுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்றாள். நாலு பேரிடம் விசாரித்து, ருக்சானாவை அவளேதான் பிடித்தாள். எதிர்வீட்டு ஷீலாவின் பத்திரத்தைப் பத்தே வாரத்தில் முடித்துக் கொடுத்த கெட்டிக்காரி என்று தெரு முழுக்கச் சொன்னதும் அவள்தான்.

இப்போது அதே தெரு கேட்கிறது, இன்னும் கிளம்பலையா என்று.

பீங்கான் தட்டுகள் செய்தித்தாளில் சுற்றி மூன்று மாதமாகப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவளும் கணவர் மால்கமும் காகிதத் தட்டில் சாப்பிடுகிறார்கள்.

போன் செய்தால், வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் ஒரே பதில்தான். பேப்பர் வரணும், காத்துக்கிட்டிருக்கோம்.

பிரிட்லிங்டன் வீட்டுக்காரர் நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தம் கைமாறாவிட்டால் வீடு வேறு ஆளுக்கு. இன்று புதன்.

அதனால்தான் கணவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் படியேறி வந்தாள். மால்கம் கூட வந்தால், போதும் விடு என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளாகவே அவர் இப்படித்தான். எதற்கும் கோபப்படுவதில்லை.

"உன்னைப் போய் நல்ல வக்கீல்னு ஊரெல்லாம் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும். எவன் பேப்பருக்காகக் காத்துக்கிட்டிருக்க? ஆளைக் காட்டு. நானே போய்ப் பிடுங்கிட்டு வரேன்."

ருக்சானா நனைந்த கோப்பைத் துடைத்து, அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"உங்க பேப்பருக்காகத்தாம்மா."

ஒப்பந்தம் மூன்று முறை தபாலில் போயிருந்தது. கையெழுத்துக் கேட்டு ஏழு மின்னஞ்சல்கள், எல்லாம் மால்கமுக்கு. எதுவானாலும் அவருக்கே எழுதுங்கள் என்று முதல் நாள் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தவள் க்ளெண்டாவேதான்.

அவள் ஒன்பதாவது வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டாள். போட்டு, நீங்களும் போட்டு அனுப்பிடுங்க என்று மால்கமிடம்தான் கொடுத்தாள். அடுத்து வந்த இரண்டையும் அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கே அனுப்பறேன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னாரு," என்றாள் ருக்சானா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

க்ளெண்டா படிகளில் தடதடவென்று இறங்கினாள். கடலே பிடிக்கவில்லை என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நாற்பது வருஷம் தலையாட்டிவிட்டு, கடைசியில் முதுகுக்குப் பின்னால் இப்படியா?

காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"எங்க?"

என்ன எங்கே என்று மால்கம் கேட்கவில்லை. குனிந்து, அவள் முழங்காலுக்கு முன்னால் இருந்த சின்ன அறையைத் திறந்தார்.

மூன்று நீள உறைகள் இருந்தன. அவற்றை உருவியபோது அடியிலிருந்து நான்காவது ஒன்று அவள் மடியில் விழுந்தது. மருத்துவமனை முத்திரை. தேதி, அந்த ஒன்பதாவது வாரம்.

படித்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். மால்கமுக்கு மிச்சமிருக்கும் காலத்தை மருத்துவர் மாதக் கணக்கில்தான் எழுதியிருந்தார். வருஷம் என்ற சொல் எங்குமே இல்லை.

கோபம் இன்னும் போகவில்லை. அதை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை.

மால்கம் சாலையைப் பார்த்தபடி சொன்னார்:

"இங்கன்னா எதிர்ல ஷீலா இருக்கா. அங்க உனக்கு யாரையும் தெரியாதே, க்ளெண்டா."