மூன்றாவது ஸ்பூன்

கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்ததும் கம்பவுண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இனிப்பு, காரம், உப்பு மூன்றும் கச்சிதமாக அமைந்திருந்தன. வாணலியில் மாட்டுக் கொத்துக்கறி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" கூடத்திலிருந்து நர்ஸம்மா கேட்டாள்.

"இதோ, அஞ்சு நிமிஷம். உள்ளே வராதே. எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்னு நீதானே சொன்னே?"

"நான் பாக்கலை. மூக்கு சும்மா இருக்க மாட்டேங்குது, அதுக்கு நான் என்ன பண்றது?"

மூக்கு வேறு சாட்சி சொல்ல வந்துவிட்டதா என்று அவருக்கு இன்னும் பயமாகிப்போனது. ஜன்னலை அகலத் திறந்துவிட்டார்.

இருபது வருஷமாக மருந்துக் கடையில் சொட்டு பிசகாமல் அளந்து கலக்கிக் கொடுக்கிறவர் அவர். ஊரே கம்பவுண்டர் என்று கூப்பிட, கட்டிய மனைவியும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். பதிலுக்கு இவர் அவளை நர்ஸம்மா என்பார். அவள் வேலையும் அதுதானே.

அந்த நர்ஸம்மாவுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆபரேஷன் தியேட்டர் பயிற்சி, வெளியூரில் ஆறு மாதம். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷனைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது?" என்று ஒரு வாரமாகப் புலம்பியவள், கடைசியில் ஒரு பரீட்சை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குப் பிடித்த கொத்துக்கறிச் சோறு. அவரே தனியாகச் செய்ய வேண்டும். பாஸானால் அவள் கிளம்புவாள், இல்லாவிட்டால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

அவள் இல்லாமல் ஆறு மாதமா? கம்பவுண்டரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவள் நைட் டியூட்டிக்குப் போனாலே பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஆனாலும் மனுஷனுக்கு வீம்பு விடுமா? நம்மால் என்னதான் முடியும் பார்ப்போமே என்று, நேற்று அவள் டியூட்டிக்குப் போனதும் ஒரு தடவை செய்து பார்த்தார். அது அமிர்தமாக வந்து தொலைத்தது. நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் கொட்ட மனசு வராமல் ஒரு நீல மூடி டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

இன்று கெடுத்தே தீருவது என்றுதான் அடுப்பைப் பற்ற வைத்தார். ஆனால் அளந்து பழகிய கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சர்க்கரை ஒன்றரை ஸ்பூன், சோயா சாஸ் நாலு, இடித்த மிளகாய் ஒன்று, பூண்டும் இஞ்சியும் சரிபாதி என்று எல்லாம் கடைத் தராசில் நிறுத்த மாதிரி விழுந்துவிட்டன.

வேறு வழியில்லை. உப்பு ஜாடியைத் திறந்தார். ஒரு ஸ்பூன் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மூன்றாவதும் போட்டுக் கிளறினார்.

கிண்ணம் எடுக்கப் போனபோது, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து நீல மூடி ஒன்று உருண்டு காலடியில் விழுந்தது. எடுத்து வைத்துவிட்டு, சூடான சோற்றின் மேல் கறியைப் பரப்பி, வெங்காயத்தாளைக் கிள்ளிப் போட்டார். பார்வைக்கு மட்டும் குறை வைக்கவில்லை.

நர்ஸம்மா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இரண்டாவது வாய், மூன்றாவது வாய் என்று கிண்ணம் காலியாகிக்கொண்டே போனது. கம்பவுண்டரின் முகமும் கூடவே சுருங்கிக்கொண்டே போனது.

கடைசிப் பருக்கையையும் வழித்துத் தின்றுவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "பாஸ். நாளைக்கே சரின்னு எழுதிப் போட்டுடறேன்."

கம்பவுண்டர் தன் கிண்ணத்திலிருந்து அவசரமாக ஒரு வாய் அள்ளிப் போட்டார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உனக்கு உப்புக் கரிக்கலையா?"

"கரிக்காம? நாக்கு மரத்துப்போச்சு."

"வேணும்னேதான் மூணு ஸ்பூன் போட்டேன்." எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கொட்டிவிட்டார். "நீ போயிட்டா இந்த வீட்ல நான் யாரோட பேசுவேன்?"

நர்ஸம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் அங்கே பொழுது போயிடுமா? சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வந்துடுவேன். ஆசைப்பட்ட வேலைங்க. போயிட்டு வரேனே."

அவள் இப்படிக் கேட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார். ஆனாலும் அளவுக்காரர் மனசு சமாதானமாகவில்லை.

"சரி, போயிட்டு வா. ஆனா இவ்வளவு கரிக்கிறதுக்கு எப்படி பாஸ் மார்க் போட்டே?"

காலிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நர்ஸம்மா எழுந்தாள்.

"இதுக்கு யார் போட்டா? ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னாடி இருந்ததுக்குல்ல போட்டேன்."